குடைக்காரர் வரும் அத்தியாயம்

என் தங்கை கதை சொல்ல உட்கார்ந்தால் எதிரில் இருப்பவருக்குத் தேநீர் ஆறிப்போகும். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன் ஐயா, உங்களுக்கும் எழுதிக்கொள்ள வசதியாக இருக்கும்.

அம்மா அப்பா போனபிறகு நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவள் பிசியோதெரபிஸ்ட். நான் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். அடுத்தவர்கள் எழுதியதில் காலையும் கொம்பையும் சரிபார்க்கிற வேலை, பதினாறு வருஷமாக. நடுவில் நானும் இரண்டு நாவல் எழுதினேன். இரண்டும் சோகக் கதை. படித்தவர் யாரும் அழவில்லை.

முப்பத்து நான்கு வயதில் தங்கை போனில் டேட்டிங் ஆப் போட்டுக்கொண்டாள். வாரம் ஒருவரைப் பார்த்துவிட்டு வந்து, செருப்பைக் கழற்றும்போதே சொல்ல ஆரம்பிப்பாள். ஒருவர் தன் அம்மாவைப் பக்கத்து மேசையில் உட்கார வைத்திருந்தாராம். இவள் சொல்லும் ஒவ்வொரு பதிலுக்கும் அந்த அம்மா அங்கிருந்து தலையாட்டினாராம். இன்னொருவர் தன் முதுகுவலி எந்த இடத்தில் என்று காட்டுவதற்காக உணவகத்து மேசைமேலேயே குப்புறப் படுத்துவிட்டார்.

"எல்லாத்தையும் எழுதித் தொலையேன்க்கா. உனக்குத்தான் கை சும்மா இருக்காதே," என்றாள். ஆக, அனுமதி அவள் கொடுத்தது. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எழுதினேன். பதிப்பகத்து ஆசிரியை அம்மா படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்துச் சிரித்து வந்த தண்ணீர் அது. "இத்தனை வருஷமா இதையெல்லாம் எங்கேம்மா ஒளிச்சு வச்சிருந்தே?" என்றார். அப்படி ஒரு வார்த்தையை என்னிடம் யாரும் சொன்னதில்லை. இருபத்தைந்து அத்தியாயம் கேட்டார். ஒத்துக்கொண்டேன்.

குடைக்காரர் எட்டாவது அத்தியாயத்தில் வருகிறார். வானத்தில் பொட்டு மேகம்கூட இல்லாத நாளில் குடையோடு வந்து, அவள் தலைக்குமேல் பிடித்தபடி தெரு முழுக்க நடந்தவர். அன்று நாங்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அடுத்த பதினொரு நாளும் அவள் வேலை செய்யும் இடத்து வாசலில் அவர் அதே குடையோடு நின்றார். பன்னிரண்டாம் நாள் அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். வீக்கத்துக்கு ஐஸ் வைத்தது நான்தான். அவள் வேலையை மாற்றிக்கொண்டாள். நாங்கள் வீடும் மாறினோம்.

"அந்த ஆளுக்கு மட்டும் இந்த அட்ரஸ் தெரியக் கூடாதுக்கா," என்றாள்.

நாவலில் நான் மணிக்கட்டை எழுதவில்லை. நகைச்சுவையில் அது ஒட்டாது. குடையை மட்டும் வைத்துக்கொண்டேன். ஆசிரியை அம்மாவுக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. "பாவம்மா அந்த மனுஷன். கடைசியில இவரையே சேர்த்து வச்சிடேன்," என்றார். யோசித்துப் பார்த்தால் எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

அப்புறம் அதே ஆப்பில் ஒரு நில அளவையாளர் வந்தார். நல்ல மனிதர், சிக்கலே அதுதான். சொன்ன நேரத்துக்கு வருவார். அவள் பேசினால் காது கொடுத்துக் கேட்பார். எங்கள் வீட்டில் சாப்பிட்டால் தட்டைத் தானே கழுவி வைப்பார். அவரைப் பார்த்துவிட்டு வரும் நாட்களில் தங்கை "நல்லா இருந்துச்சுக்கா" என்று இரண்டே வார்த்தை சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விடுவாள். மூன்று மாதம் இப்படியே போயிற்று. நான் பதினேழாம் அத்தியாயத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

தங்கையின் பழைய போன் என் இழுப்பறையில் கிடந்தது. குடைக்காரரை அவள் அதில் தடைசெய்து வைத்திருந்தாள். நான் தடையை நீக்கி, அவள் பெயரில் 'சாப்டாச்சா?' என்று மட்டும் அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. அவள் பேசுகிற மாதிரி எழுதுவது எனக்குக் கஷ்டமில்லை. பதினேழு அத்தியாயமும் அதைத்தானே செய்திருந்தேன். அவள் எந்தக் கிழமை எந்த நீச்சல் குளத்துக்குப் போகிறாள் என்று சொன்னேன். அவர் போய் எதிர்ச்சாரியில் நின்றார். வேறொன்றும் செய்யவில்லை.

தங்கை வெளிறிப்போய் வீட்டுக்கு வந்தாள்.

"நான் அங்க போறது உனக்கும் அவருக்கும்தானேக்கா தெரியும்?"

அவர் என்றது அளவையாளரை. நான் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தேன்.

"அவரு யார்கிட்டயாவது பேச்சுவாக்குல சொல்லியிருப்பாரோ என்னமோ," என்றேன்.

"சேச்சே, அவர் அப்படியெல்லாம்..." என்று இழுத்தாள். முடிக்கவில்லை.

அதன்பிறகு ஜன்னல் திரைகளை ஊக்குக் குத்தி மூடினாள். அளவையாளர் மணியடித்தால் கதவுத் துளையில் வெகுநேரம் பார்த்துவிட்டுத்தான் திறந்தாள். ஒரு நாள் அவர் தட்டு கழுவப் போன நேரத்தில் அவர் போனை எடுத்துத் துழாவினாள். அவர் ஈரக்கையோடு வந்து நின்றார்.

"என்னையா சந்தேகப்படுறே?" என்று மெதுவாகக் கேட்டார்.

அவள் போனைக் கீழே வைத்தாள். நான் உள்ளறையில் இருந்தேன், கதவு திறந்துதான் இருந்தது. பதினெட்டாம் அத்தியாயம் அன்றைக்கு ஒரே மூச்சில் வந்தது.

ஒரு தடவை என்னையும் அப்படிப் பார்த்தாள். "அக்கா, என் பழைய போன் எங்க?"

"அதை எப்பவோ தூக்கிப் போட்டாச்சேம்மா."

உடனே அவள் முகம் சுருங்கிவிட்டது. "தப்பா நினைச்சுக்காதேக்கா, எனக்கு மூளை குழம்பிப்போச்சு," என்று என் தோளில் சாய்ந்தாள். தலையைத் தடவிக்கொடுத்தேன்.

அளவையாளர் வருவது நின்றது. அதற்குள் இருபத்து நான்கு அத்தியாயம் ஆகியிருந்தது, முடிவு மட்டும்தான் பாக்கி. காதல் நாவலில் கடைசியில் ஒருவர் வீடு தேடி வந்தாக வேண்டும், அதுதான் வாசகர் எதிர்பார்ப்பது. குடைக்காரருக்கு எங்கள் முகவரியை அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அக்கா இருக்க மாட்டாள், சாவி கீழே தபால் பெட்டியில் இருக்கும் என்று எழுதினேன். காலையில் வெளியே கிளம்பும்போது சாவியைப் பெட்டியில் போட்டேன்.

எதிரே ஒரு பேக்கரி இருக்கிறது. அங்கே ஜன்னலோரம் நோட்டோடு உட்கார்ந்தேன். பத்து ஐம்பதுக்கு அவர் உள்ளே போனார். பதினொன்று ஐந்துக்குக் கண்ணாடி உடைந்தது. நேரத்தைக் குறித்துக்கொண்டேன். பிறகு "அக்கா" என்று ஒரு குரல், சாலையைத் தாண்டித் தெளிவாகவே கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை. நடுவில் நான் போய் நின்றால் காட்சி கெட்டுவிடும். பதினொன்று பத்துக்கு அவள் பால்கனிக் கம்பியைத் தாண்டிப் பக்கத்து வீட்டுப் பால்கனிக்குக் காலை நீட்டினாள். எட்டவில்லை. நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி.

உங்களைக் கூப்பிட்டது கீழ்வீட்டுக்காரர். அவள் இன்னும் கண் விழிக்கவில்லை என்று சொன்னீர்கள். முகவரியைக் கொடுத்தது அளவையாளரோ என்று அவரை இரண்டு நாளாக நீங்கள் விசாரித்ததாகவும் கேள்விப்பட்டேன். அவருக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. செய்திகளை அனுப்பியது நான், முகவரி கொடுத்தது நான், சாவி வைத்ததும் நான்தான். போனை என் இழுப்பறையிலிருந்து எடுத்துவிட்டீர்கள், இனி மறைக்க என்ன இருக்கிறது.

நீங்கள் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ஒரே ஒரு இடம் தவறு. 'தங்கையின் மேலிருந்த பொறாமையால்' என்று போட்டிருக்கிறீர்கள், அதை அடித்துவிடுங்கள். பெற்றவர்கள் இல்லாத பெண்ணுக்கு ஒரு நல்ல இடமாகப் பார்த்து முடித்துவைக்க வேண்டியது அக்காவின் கடமை. நான் செய்தது அவ்வளவுதான்.