கடைசி ஆளின் பின்னால் வந்த வண்டி

ஓடப்போகும் நாளில் காலையில் இட்லி சாப்பிடக் கூடாது. பத்து கிலோமீட்டர் தாண்டியதும் அது வயிற்றில் கல்லாக உட்கார்ந்துகொள்ளும். நான் இரண்டு வாழைப்பழமும் ஒரு டம்ளர் வரக்காப்பியும்தான் சாப்பிட்டேன். புதிதாக ஓடுகிறவர்களுக்கு உதவும்படி நம் ஓட்ட மன்றத்து ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னீர்கள், லோகநாதன் சார். அதனால் இதிலிருந்து தொடங்குகிறேன்.

'வீங்கிய முழங்காலோடு நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடிய நெசவாளர்' என்று தலைப்பும் நீங்களே கொடுத்துவிட்டீர்கள். ஒரு பக்கம் போதும் என்றீர்கள். கொஞ்சம் கூடும். மன்றத்துச் செயலாளர் என்ற முறையில் முழுதாகப் படித்துவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.

முதலில் முழங்கால். 1993, ஆவணி மாதம். என் தறிக்குப் புதுப் பாவு. எங்கள் தெருவில் இன்றைக்கும் அதே வழக்கம்தான். விடிந்ததும் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துப் பிடித்து, கஞ்சி தெளித்து, அறுந்ததை முடிந்து, காய்ந்த பிறகு சுருட்டுவோம். இந்த முனையில் ஒருவன் இடுப்பில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு பின்னால் சாய்ந்து நிற்பான், அந்த முனையில் ஒருவன். பாவு தெருவில் இருக்கும்வரை யாரும் கயிற்றை விடக் கூடாது. தளர்ந்தால் ஈர இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அவ்வளவும் பாழ். என் அப்பா உள்ளே உயிரை விட்டபோது நாங்கள் வெளியே பாவு பிடித்துக்கொண்டிருந்தோம். அம்மா வாசலுக்கு வந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். முக்கால் மணி நேரம் கழித்து, பாவைச் சுருட்டிய பிறகுதான் அழுதாள். நான் அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவன்.

அன்றைக்கு என் பாவின் மறுமுனையில் நின்றவன் எதிர்வீட்டு சிவகுமார். என் வயதுதான், ஒரே பள்ளிக்கூடம். தேசூரிலிருந்து பெண் வீட்டார் போனில் இருக்கிறார்கள் என்று தெருக்கோடி எஸ்.டி.டி. பூத்திலிருந்து குரல் வந்தது. அவன் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடினான். அவன் ஓடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சாய்ந்து நின்ற நான் மல்லாக்க விழுந்தேன். வலது கால் சாக்கடைப் பலகைகளுக்கு நடுவில் மாட்டித் திரும்பிக்கொண்டது. கட்டுப் போட்டு இரண்டு மாதம் படுத்திருந்தேன். அதற்குப் பிறகு தறிக்குழியில் உட்கார்ந்தால் ஒவ்வொரு மிதிக்கும் முழங்காலுக்குள் ஊசி குத்தும். ஒரு சேலைக்கு எத்தனை மிதி என்று நெசவு தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தேசூர்ப் பெண் தேவிப்ரியாவை அவன் கட்டிக்கொண்டான். நல்ல பெண். கல்யாணப் பந்தியிலேயே, போன் வந்ததும் தான் பறந்ததையும் நான் விழுந்ததையும் சொல்லிச் சிரித்தான். பதினோரு வருஷம் டீக்கடையில் அதே கதைதான். எனக்கு நொண்டி வேலு என்று பெயர் வைத்தவனும் அவன்தான். தான் செய்தது தப்பு என்று ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வந்ததில்லை. எனக்குக் கோபம் இருந்தது. இல்லையென்று சொல்ல நான் சாமியார் இல்லை. காலையில் முழங்கால் முதலில் விழித்துக்கொள்ளும், அப்புறம் கோபம், அப்புறம்தான் நான். அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவன் சொல்லியிருந்தால் எல்லாம் அந்த நிமிஷமே தீர்ந்திருக்கும்.

2004-இல் முதல் மாரத்தானுக்கு நீங்கள் டீக்கடையில் நோட்டீஸ் ஒட்டினீர்கள். அவன் ஒரு வருஷமாகக் கோட்டை மைதானத்தில் காலையில் ஓடிக்கொண்டிருந்தான். வெள்ளை ஷூ வேறு வாங்கியிருந்தான். தன் பெயரை எழுதிவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"நீ தண்ணி குடுக்கற எடத்துல இரு வேலு. அங்க உக்காந்துகினே குடுக்கலாம்."

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள் சார். நான் பேனாவை வாங்கி, அவன் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதினேன்.

பயிற்சி பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு சேலை முடிந்து அடுத்ததைத் தொடங்குவதற்குள் கிடைக்கிற நாட்களில் சேவூர் வரை போய்த் திரும்புவேன். மற்ற நாட்களில் தறி விடாது. ஆறு வாரத்தில் ஒன்பது நாள் ஓடியிருந்தால் அதிகம். முழங்கால் வீங்கி, சம்மணம் போட முடியாமல் போனது. என் மனைவி கமலம் ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கிவந்து துணியில் சுற்றி வைப்பாள். "யாருக்குக் காட்றதுக்கு இந்தப் பேஜாரு?" என்று ஒரு நாள் கேட்டாள். புதிதாக ஓடுகிறவர்கள் யாரும் என்னைப் போலச் செய்ய வேண்டாம்.

பங்குனி மாதம், ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி. போளூர் ரோட்டில் இருபத்தொரு கிலோமீட்டர் போய், அங்கே வைத்திருந்த டிரம்மைச் சுற்றித் திரும்ப வேண்டும். வலி மாத்திரை இரண்டு போட்டு, முழங்காலை இறுக்கிக் கட்டியிருந்தேன். பதினெட்டாவது கிலோமீட்டரில் நான் போய்க்கொண்டிருந்தபோது அவன் திரும்பி எதிரே வந்தான். குனிந்து என் முழங்காலில் ஒரு தட்டு தட்டிவிட்டு, இன்னும் இருக்கிறாயா என்று கேட்டுச் சிரித்துக்கொண்டே போனான். அதற்குப் பிறகு எனக்கு வலி தெரியவில்லை. மாத்திரையைவிடக் கோபம் நன்றாக வேலை செய்கிறது.

வெயில் ஏறிவிட்டது. பாதிப் பேர் நடுவழியிலேயே பஸ் பிடித்துவிட்டார்கள். முப்பத்திரண்டாவது கிலோமீட்டரில் ஒரு மதகு இருக்கிறது. நான் நடக்கிற வேகத்தில் ஓடிக்கொண்டிருந்ததால்தான் பார்த்தேன். கீழே, கால்வாய்ச் சரிவில் வெள்ளை ஷூ. நிழலுக்காக இறங்கியிருக்கிறான். வண்டியில் போகிறவர்கள் கண்ணில் படாத இடம். இறங்கிப் பார்த்தேன். உடம்பில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. தோல் அடுப்பு போலச் சுட்டது. என்னை அடையாளம் கண்டுகொள்ள அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"வேலு, கண்ணு இருட்டுதுடா. வண்டிய இட்டுகினு வா."

பிறகு இன்னொன்றும் சொன்னான். நான் சரி என்றேன். சரி என்று சொன்னது நன்றாக நினைவிருக்கிறது.

ஒன்றரை கிலோமீட்டர் முன்னால், கடைசி ஆள் தாண்டிப் போகட்டும் என்று உங்கள் வண்டி நின்றுகொண்டிருந்தது. கடைசியாக ஓடி வருகிறவனுக்குப் பின்னால் அது வர வேண்டும் என்பது மன்றத்தின் விதி. தண்ணீர்க் கேன்கள், ஐஸ் பெட்டி, கம்பவுண்டர் திருமலை எல்லாம் அதில்தான்.

"பின்னால யாருனா கீறாங்களா?" என்று திருமலை கேட்டார்.

"யாரும் இல்ல. நான்தான் கடேசி."

அதைப் பொய் என்று சொல்ல முடியாது. ஓடுகிறவர்களில் கடைசி நான்தான். அவன் உட்கார்ந்துவிட்டான். கயிற்றைப் போட்டவனைப் பாவு பிடிக்கிறவர்களோடு யாரும் சேர்ப்பதில்லை. நானோ பாதியில் இருந்தேன், பாதியில் விடுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

மிச்சத் தூரம் முழுக்க வண்டி என் பின்னாலேயே வந்தது. திருமலை நல்ல மனுஷன். இறங்கி இறங்கி என் தலையில் தண்ணீர் ஊற்றினார், முழங்காலில் ஐஸ் வைத்தார். கோட்டை மைதானத்துக்குள் நான் நுழைந்தபோது எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். நீங்கள் மாலை போட்டீர்கள். மலரில் போடப்போகும் போட்டோ அப்போது எடுத்ததுதான்.

ஆடு மேய்க்கும் ஒரு அம்மாள் அவனை மூன்று மணிக்குப் பார்த்தாள். உயிர் போயிருந்தது. நேரத்தோடு தலையில் தண்ணீர் ஊற்றி ஐஸ் வைத்திருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொன்னாராம். அந்த நேரத்தில் அந்தத் தண்ணீர் என் தலையில் வழிந்துகொண்டிருந்தது. அவனும் பஸ் ஏறிவிட்டான் என்று நினைத்ததாக எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படியே சொன்னேன்.

இந்த வருஷக் கோப்பைக்கு அவன் பெயர் வைக்கிறீர்கள். என் கையால் கொடுக்கச் சொல்கிறீர்கள். கொடுப்பதில் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் மூன்று வருஷமாக என் பாவின் மறுமுனையைப் பிடிப்பவள் தேவிப்ரியா. ஒரு தடவைகூடக் கயிற்றைத் தளர விட்டதில்லை. போன வாரம் அங்கே நின்றபடியே கேட்டாள்.

"கடேசியா அவரு எதனா சொல்லிருப்பாராண்ணா?"

காதில் விழாதது போல நின்றுகொண்டேன். அவள் மலரை வரி விடாமல் படிப்பவள். அதனால் இதையும் சேர்த்து அச்சிடுங்கள்.

மதகுக்குக் கீழே அவன் என் முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "அன்னிக்கு நான் வுட்டது தப்புதான் வேலு" என்றான். பதினோரு வருஷமாக நான் காத்திருந்த வார்த்தை. தெளிவாகவே கேட்டது. அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிட்டு ரோட்டுக்கு ஏறினேன்.