கடித்தவர்

விஜயநகர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். கம்யூனிட்டி காலேஜில் பல் டாக்டருக்கு உதவியாளராகப் பயிற்சி எடுக்கும் இளையவள் சொன்னாள்:

“இன்னைக்கு என் மாமனார் என்னைக் கடிச்சுட்டாருக்கா.”

“ஹௌதா! நிஜமாவா? எங்க?”

“விரல்லதான். பல்லு பிடுங்க எங்க கிளினிக்குக்கே வந்துட்டார்.”

“நீ படிக்கப் போகவே கூடாதுன்னு சொன்னாரே, அவரா?”

“அவரேதான். ஊசியைப் பார்த்ததுமே கண்ணை மூடிட்டார். நான் மாஸ்க் வேற போட்டிருந்தேன், அடையாளம் தெரியல. கன்னத்தை விலக்கிப் பிடிச்சேன், கடிச்சுட்டார்.”

“நீ என்ன பண்ணே?”

“‘ஒண்ணுமில்ல மாமா, மெதுவா மூச்சு விடுங்க’ன்னேன். குரலைக் கேட்டுக் கண்ணைத் திறந்தார். அப்புறம் பல்லை எடுக்குற வரைக்கும் என் கையை விடல.”

“ஏதாவது சொன்னாரா?”

“வாய் நிறையப் பஞ்சு, எங்க பேசுறது? தையல் பிரிக்க டாக்டர் மறுபடி வரச் சொன்னதும், இவர் என் பக்கம் கையைக் காட்டி, நீ இருப்பியான்னு சைகையிலேயே கேட்டார்.”