செவலை வயித்துல கெடந்தது

பரிமளா: ...வேணாம் சார். மருந்தை ஊத்திட்டுப் போங்க. வயித்தைக் கிழிக்க வேணாம்.

பஞ்சநாதன்: விட்டா செவலை சாயங்காலம் வரைக்கும் தாங்காதும்மா. உப்புசம் ஏறிக் கெடக்கு. பெரம்பலூரு ஆஸ்பத்திரிக்கு ஏத்துறதுக்குள்ள உசுரு போயிரும். மாட்டு டாக்டரு ஓடி வாங்கன்னு உங்க மவதானே போன் போட்டுச்சு?

வெற்றிச்செல்வி: நான்தான் சார். நீங்க பண்ணுங்க. அம்மா, கொம்பைப் புடி.

பஞ்சநாதன்: மரத்துப்போக ஊசி போட்டாச்சு. நின்னுக்கிட்டே இருக்கும், வலிக்காது... ம், தொறந்தாச்சு.

வெற்றிச்செல்வி: கை தோள்பட்டை வரைக்கும் போயிருச்சே சார்.

பஞ்சநாதன்: மாட்டு வயித்துல நாலு அறை. இதுதான் பெருசு. சும்மா இருக்காது, நிமிசத்துக்கு ஒருதரம் சுருங்கும். இப்பகூட என் கையைப் புடிச்சு அமுக்குது.

வெற்றிச்செல்வி: ஆளு புடிக்கிற மாதிரியா?

பஞ்சநாதன்: அப்படித்தான் இருக்கு.

பரிமளா: அது என்னையே பாக்குது சார்...

பஞ்சநாதன்: கொம்பைப் புடிச்சிருக்கிறது நீங்கதானே, வேற யாரைப் பாக்கும்? இந்தா, கேரி பேக்கு... இன்னொன்னு. மாடு மெல்லாம முழுங்கிரும்மா. அப்புறம் சாவகாசமா மேல கொண்டாந்து அசைபோடும். இதெல்லாம் மேலயும் வராது, கரையவும் கரையாது. எத்தனை வருசமானாலும் அப்படியே கெடக்கும்.

பரிமளா: போதும் சார். தச்சிருங்க.

பஞ்சநாதன்: இருங்க... நீளமா ஒன்னு சுத்திக்கிட்டு கெடக்கு. வாளியைக் கிட்ட கொண்டா பாப்பா.

வெற்றிச்செல்வி: கயிறா சார்?

பஞ்சநாதன்: நைலான் கயிறு. தூணுல கட்டுன முடிச்சுகூட அவுரல... இது உங்க கெணத்துக் கயிறுல்ல? பாப்பா, போன வருசம் உங்கப்பா உள்ள விழுந்தப்ப, கயிறு இருந்திருந்தா பொழச்சிருப்பாருன்னு ஊரே பேசுச்சே. எவனோ திருடிட்டான்னீங்க.

பரிமளா: மாடு தின்னுருக்கு. எங்களுக்கு என்ன சார் தெரியும்.

பஞ்சநாதன்: இந்த மொனை மாடு கடிச்சது இல்லம்மா. ஒரே வெட்டு... சரி. தையல் நூலு வண்டியில இருக்கு, எடுத்தாரேன். துணியால மூடிப் புடிச்சிக்கங்க.

வெற்றிச்செல்வி: ...அம்மா. மிச்சக் கயிறு எங்கன்னு கேக்கப்போறாரு. என்ன சொல்லுவ?

பரிமளா: தெரியாதும்பேன்.

வெற்றிச்செல்வி: என்கிட்டயுமா?

பரிமளா: மெதுவாப் பேசுடி... கெணத்துக்குள்ள கெடக்கு. உங்கப்பா அதைப் புடிச்சுப் பாதி ஏறிட்டாரு. குடிச்சிருந்தாலும் கை வலு கொறையல. மேல வந்ததும் ஒன்னையும் ஒம் மவளையும் கொளுத்துறேன்னு சொல்லிக்கிட்டே ஏறுனாரு. அந்தச் சத்தம் கெணத்துக்குள்ளேர்ந்து வந்தப்ப... மனுசன் சத்தம் மாதிரியே இல்ல.

வெற்றிச்செல்வி: அப்புறம்?

பரிமளா: சனங்க ஓடியாந்தாங்க. தூணுலேர்ந்து உருவுன துண்டை வைக்கப்போருல சொருகுனேன். மறுநா தேடுனா இல்ல. அன்னைலேர்ந்து இது சரியா அசைபோடல. நின்ன எடத்துல என்னையே பாக்கும். வயித்துக்குள்ள வச்சிக்கிட்டுத்தான் பாக்குதுன்னு எனக்குத் தெரியும்டி... ஒனக்குத் தெரிஞ்சா நீயும் அப்படிப் பாப்பியோன்னுதான் பயந்தேன்.

வெற்றிச்செல்வி: துணியை நல்லா அமுக்கு, டாக்டரு வராரு... கெணத்தடியில நைலான் நாரோட கெடந்த அருவாளைக் கழுவி வச்சது யாருன்னு ஒரு வருசமா நீ கேக்கவேயில்லையேம்மா.