பச்சைத் துண்டு எழுபது பென்ஸ்

இல்லைத் தம்பி, இது லொத்தர் இல்லை. வாசலை மறைக்காமல் இஞ்சாலை வாரும், சொல்லுறன். உங்கடை செவன் கிங்ஸ் பக்கம் இது இல்லைப் போலை. லண்டனிலை எங்கடை வால்தம்ஸ்டோவிலை வருசாவருசம் நடக்கும்.

இண்டைக்கு பட்மின்டன் பைனல். ஆடுறது ரெண்டே பேர். கஸ்பருக்குச் சிவப்புத் துண்டு, மற்றவருக்குப் பச்சை. மற்றவர் எங்கடை வீட்டுக்காரர். பேரை நான் வாயாலை சொல்லுறேல்லை, பலகையிலை போட்டிருக்கு பாரும். ஓம், அதுதான்.

அந்த மேசையிலை இருக்கிற பாலேந்திரா அண்ணையிட்டை ஒரு பவுணைக் குடுத்தால் பச்சையொண்டு சிவப்பொண்டு சோடியாத் தருவார். ஆட்டம் முடிய, வெண்டவற்றை துண்டுக்கு முழுப் பவுணும் குடுப்பார். மற்றது குப்பைக்குத்தான். அதுவரைக்கும் விரும்பினதை ஆருக்கும் விக்கலாம், ஆரிட்டையும் வாங்கலாம். இப்ப பச்சை எழுபது பென்ஸ், சிவப்பு முப்பது. எண்டால் இந்தச் சனம் பத்துக்கு ஏழு பங்கு இவர்தான் வெல்லுவார் எண்டு நம்புது. வாயாலை என்னத்தை அளந்தாலும் காசை வைக்கேக்கை மனசிலை உள்ளது வந்திடும் எண்டு அண்ணை சொல்லுவார். பாங்கிலை வேலை, வேறை என்னத்தைக் கதைக்கப்போறார்.

என்னட்டையோ? ஓம், கை நிறையப் பச்சைதான். ஆனால் விக்க ஏலாது. மனமில்லாமல் இல்லைத் தம்பி, ஏலாது. போன வருசம் கஸ்பரின்ரை அக்கா றோஸ்மலர், தேத்தண்ணிக்கெண்டு சாட்டுச் சொல்லி, தம்பியின்ரை துண்டு ரெண்டை வித்துப்போட்டா. சொந்த அக்காவே விக்கிறா எண்டதும் எல்லாரும் விக்க வெளிக்கிட்டினம். விலை பொத்தெண்டு விழுந்திட்டுது. பிறகு பாத்தால் அவருக்குக் கணுக்கால் வீக்கம், இவவுக்கு முதலே தெரியும். அதுக்குப் பிறகு விளையாடுறவனை ஆர் பாக்கினம்? வீட்டாக்களின்ரை கையைத்தான் பாக்கினம்.

அந்தா, வலையை இழுத்துக் கட்டுறாரே, கனகலிங்கம் அண்ணை. அவற்றை மேலறையிலைதான் நானும் இவரும் பிள்ளையும் இருக்கிறம். எண்பத்தேழிலை வந்தனாங்கள், இன்னும் அகதிக் கேஸ் முடியேல்லை. கேஸ் பிழைச்சால் அண்டைக்கே அறையை விடோணும் எண்டு சொல்லித்தான் தந்தவர். இப்ப அவரும் என்ரை கையைத்தான் பாக்கிறார். எனக்குப் பயமாக் கிடக்கு. சிரிச்சுச் சிரிச்சுக் கன்னம் நோகுது.

இவரோ? ரெண்டு மணிக்குத்தானே ஆட்டம். வராட்டி கஸ்பர் வெண்ட மாதிரி. ஷிப்ட் மாறிட்டுது எண்டு சொல்லிச் சமாளிப்பன். ஆனால் அதுக்கு முதல் விலை விழுந்தால் அந்தக் கதை எடுபடாது. இவளுக்கு என்னவோ தெரிஞ்சிருக்கு எண்டு குடையத் துடங்கிடுவினம்.

வேண்டாம், காசை உள்ளை வையும். உமக்கு விக்கமாட்டன். ஆரையும் தெரியாமல் வந்து நிக்கிறீர், அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். காலமை அகதிக் கேசுக்குப் பொலிசிலை சைன் வைக்கப் போன இவரை அங்கையே மறிச்சு வச்சிட்டாங்கள். லோயற்றை கந்தோர் திங்கட்கிழமைதான் திறக்கும்.

எங்கை போறீர்? நில்லும். சிவப்பும் வாங்காதையும் தம்பி. இவ்வளவு நேரமும் என்னோடை கதைச்சுக்கொண்டு நிண்டனீர், எல்லாரும் பாத்தவை.