ஸ்டியரிங்கை ஆட்டிய கை

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். நடுவில் சிரித்தால் நான் எழுந்து போய்விடுவேன். இது நம்ம செல்வக்குமாரின் சித்தப்பா மந்திரமூர்த்திக்கு நடந்தது.

உச்சிப்பொழுது. கழுகுமலையிலிருந்து கோவில்பட்டிக்கு வருகிற காட்டுப்பாதை. இரண்டு பக்கமும் வெடித்துக் கிடக்கிற கரிசல்... ஆள் கிடையாது, காக்கா கிடையாது.

வேனை ஓட்டி வருகிறார். ஆஸ்பத்திரியில் மகள் பிள்ளை பெற்றிருக்கிறாள். தலைப்பேரன். அன்றைக்குத்தான் வீட்டுக்குக் கூட்டி வரவேண்டும். ஆனால் ஸ்டியரிங் சரியில்லை. பள்ளத்தில் இறங்கினால் டக்கென்று ஒரு சத்தம், வண்டி இடதுபக்கம் இழுக்கிறது. ஆடி மாதத்திலிருந்து நாளைக்குப் பார்ப்போம், நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளிப்போட்ட மனுஷன். பச்சைப்பிள்ளையை ஏற்றப் போகிறோமே என்று இப்போதுதான் பயம் பிடித்தது. ஓரங்கட்டினார்.

ஸ்டியரிங் ஆட்டம் பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சீட்டில் இருந்து ஆட்டணும். இன்னொருவர் அடியில் படுத்து, சக்கரத்தைத் திருப்புகிற டை ராடின் முனையைப் பிடித்துப் பார்க்கணும். கூட வந்த மச்சினன் ராஜபாண்டியை ஏறி ஆட்டச் சொல்லிவிட்டு, அடியில் நுழைந்தார்.

டக்... டக்... டக்...

நிதானமான ஆட்டம். கருகிய கிரீஸ் வாடை. அதோடு மஞ்சளும் பெருங்காயமும்... பிள்ளை பெற்ற வீட்டில் அடிக்குமே, அந்த வாடை.

நட்டு கடைசி மரையில் தொங்கியது. அது கழலாமல் தடுக்கிற பின் கம்பியையே காணோம். இன்னொரு பள்ளம் இறங்கியிருந்தால் முடிந்தது கதை. நிறுத்தச் சொன்னார். நின்றது. முறுக்கி, கட்டுக்கம்பி போட்டு இறுக்கினார். மறுபடி ஆட்டச் சொன்னார். ஆடியது. இப்போது சத்தமே இல்லை.

"போதும்லே."

நிற்கவில்லை. இடம்... வலம்... இடம்...

எரிச்சலோடு தலையைத் திருப்பினால், தூரத்து உடைமரத்தடியிலிருந்து ராஜபாண்டி வேட்டியைச் சரிசெய்துகொண்டு வருகிறான். ஒதுங்கப் போயிருக்கிறான்.

அடித்துப் பிடித்து வெளியே வந்தார். சீட்டில் யாரும் இல்லை. சாவி அவருடைய சட்டைப்பையில்; ஓரங்கட்டியதும் பழக்கத்தில் உருவிப் போட்டுக்கொண்டதை மறந்தே போயிருந்தார். சாவியை எடுத்துவிட்டால் அந்த வண்டியில் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். யார் ஆட்டினாலும் ஆடாது.

ராஜபாண்டி ஏறவே மாட்டேன் என்று நடையைக் கட்டினான். இவர் என்ன செய்வார், பாவம்? மகள் காத்திருக்கிறாள். ஏதோ தெய்வம்தான் காப்பாற்றியது என்று மனதைத் தேற்றிக்கொண்டு, ஒற்றையாய் ஓட்டிப் போய்ச் சேர்ந்தார்.

ஆஸ்பத்திரி வாசல். வண்டிக்குப் பின்னால் நின்று பைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். முன்கதவுப் பக்கமிருந்து மகளின் குரல்...

"எப்பா, முன்சீட்டுல இருக்க அக்கா, பிள்ளையத் தரச்சொல்லிக் கை நீட்டுதாவ. குடுக்கவா?"