ஒரு தட்டு, இரண்டு தட்டு

விடியற்காலை நாலு பத்து. மலைச் சாலை. முன்னால் வண்டி இல்லை, பின்னால் வண்டி இல்லை, குரைக்க ஒரு நாய்கூட இல்லை... இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருப்பவர் முக்கியமாக. இது என்னோடு வேலை பார்த்த நண்பனின் மச்சினருக்கு நடந்தது. நான் கூட்டிச் சொல்வது குளிரை மட்டும்தான்.

மச்சினர் லாரி டிரைவர். பட்டப்பெயர் ‘பன்னிரண்டு’. அவருடைய லாரி அவரைவிட நாலு வயது மூத்த, மூக்கு நீண்ட டீசல் வண்டி. குளிரில் அதைக் கிளப்ப ஹீட்டர் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு இருபத்தைந்து வரை எண்ண வேண்டும். உள்ளே சூடு ஏறிய பிறகுதான் சாவி. இவருக்கு அவ்வளவு பொறுமை ஏது? பன்னிரண்டு வந்ததும் கை தானாகச் சாவிக்குப் போய்விடும். வண்டி கோபித்துக்கொள்ளும். அதனாலேயே அதற்குப் ‘பெரியம்மா’ என்று பெயர் வைத்திருந்தார்.

அன்று ஆறு மணிக்குக் கணவாய் கேட்டை மூடப்போகிறார்கள். பனிக்காலத்துக்கு மூடினால் மூன்று மாதம் திறப்பதில்லை. வீடு கேட்டுக்கு அந்தப் பக்கம். போன வருஷம் இந்தப் பக்கமே மாட்டிக்கொண்டவர் இவர். இந்த முறை மனைவி போனில் கத்தவில்லை. பயமே அதுதான். நிதானமாகச் சொன்னாள்: “இந்த வருஷமும் மாட்டிக்கிட்டீங்கன்னா அவசரமே இல்ல. அங்கயே ஒரு வீடு பாத்துக்குங்க.”

அப்படிப்பட்ட ராத்திரியில் மனிதர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு மணி நேரம் கண்ணயரலாம் என்று வண்டியை ஓரங்கட்டினார். சத்தத்தில் தூக்கம் வரவில்லையென்று... எஞ்சினை அணைத்துவிட்டார். அந்த மலையில் எஞ்சினை அணைப்பதும் எரிகிற அடுப்பில் தண்ணீரை ஊற்றுவதும் ஒன்று. தடுத்துச் சொல்ல கிளீனரும் இல்லை. அவர் காய்ச்சலோடு அடிவாரத்திலேயே தங்கிவிட்டார்.

நாலு பத்துக்கு விழித்தபோது, மீசையைத் தொட்டால் ஒடிந்து கையோடு வரும் போலிருந்தது. கொட்டாவி விட்டவருக்கு வாயை மூட இரண்டு கையும் தேவைப்பட்டதாம். சிரிக்காதீர்கள்.

பன்னிரண்டு வரை எண்ணினார். சாவி. க்ர்ர்... க்ர்ர்... டக்.

மறுபடியும். க்ர்ர்... டக்.

இறங்கி பானெட்டைத் திறந்தார். பில்டரில் டீசல், தேங்காய் எண்ணெய் மாதிரி வெள்ளையாக உறைந்திருந்தது. கேபினில் இருந்த சின்ன அடுப்பைப் பற்றவைத்து, வெந்நீர் போட்டு, பில்டர்மேல் ஊற்றினார். ஆவி எழுந்தது. டீசல் வாசம் வரவில்லை... ஈரக் கம்பளி வாசம். யாரோ வெகுநேரம் போர்த்தியிருந்த கம்பளி. டார்ச்சை அடித்துப் பார்த்தார். ஒரு பூனை சுருண்டு படுக்கக்கூட அங்கே இடம் கிடையாது. பானெட்டை மூடிவிட்டு ஏறினார்.

க்ர்... டக்.

மணி ஐந்து. டயரை ஓர் உதை உதைத்தார். நொந்தது அவர் விரல்தான். பெரியம்மாவின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினார். பிறகு கெஞ்சினார். எருமைமேல் மழை பெய்த மாதிரி நின்றது அது. டேஷ்போர்டு விளக்கு சாகப்போகிற மின்மினி போல மங்கிவிட்டது. பேட்டரியில் மிச்சம் ஒரே ஒரு தடவைக்கு உயிர். அது போனால் மூன்று மாதம் போயிற்று.

பொத்தானை அழுத்தினார். பத்து... பதினொன்று... பன்னிரண்டு. கை சாவிக்குப் போனது.

டங்.

பானெட்டில் ஒரு தட்டு.

லாரிக்காரர்களுக்கு இது ஒரு பாஷை. பின்னால் நின்று வழி சொல்லும் கிளீனர் வண்டியைத் தட்டுவார். ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தட்டு என்றால் போ. யார், என்ன என்று மூளை யோசிப்பதற்குள், இருபது வருஷப் பழக்கத்தில் கை நின்றுவிட்டது.

“யாருய்யா... கிளீனரா? வேற வண்டி புடிச்சு வந்துட்டியா?”

கண்ணாடி முழுக்கப் பனி, வெளியே ஒன்றும் தெரியவில்லை. பொத்தானை அழுத்திய விரல் மட்டும் விலகவில்லை. வாய் தானாக எண்ணிக்கொண்டிருந்தது. இருபத்து மூன்று... இருபத்து நாலு... இருபத்தைந்து.

டங். டங்.

சாவியைத் திருப்பினார். பெரியம்மா ஒரு தும்மல் தும்மி, கரும்புகையைக் கக்கி, மலையே அதிர எழுந்துவிட்டாள்.

இறங்கிச் சுற்றிப் பார்த்தார். யாருமில்லை. மணி ஐந்து இருபது. பேயைப் பற்றி அப்புறம் பயந்துகொள்ளலாம், கேட் அப்புறம் திறந்திருக்காது என்று ஏறி மிதித்தார்.

ஐந்து ஐம்பத்தெட்டுக்குக் கேட்டைத் தாண்டினார். கேட்காரர் திட்டிக்கொண்டே பின்னால் இழுத்து மூடினார். சங்கிலி விழுந்த சத்தம் கேட்டது. இனி மூன்று மாதத்துக்கு வீட்டுப் பக்கத்திலிருந்து எதுவும் திரும்பிப் போக முடியாது.

எட்டு மணிக்கு வீடு. மனைவி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“அட, வீட்டு வழி ஞாபகம் இருக்கே.”

ராத்திரி முழுக்க இருந்த எரிச்சல் அந்த ஒரு வார்த்தையில் போய்விட்டது. எஞ்சினை அணைத்தார். சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். வீதியே அமைதியானது.

அவள் பானெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எதுல இடிச்சீங்க?”

மூன்று இடத்தில், முஷ்டி அளவு. ஒன்று தனியாக. இரண்டு அருகருகே. யாரோ மேலே தட்டினார்கள் என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் தகட்டின்மேல் கையை வைத்துத் தடவினாள்.

“மேல தட்டினா உள்ளதானே குழியும்... இது வெளிய புடைச்சிருக்கே.”

ஈரக் கம்பளி வாசம் வந்தது.

டங்.

அவள் உள்ளங்கைக்கு அடியிலேயே, தகடு நாலாவதாகப் புடைத்தது.

டங்.

ஐந்தாவது.

இரண்டு தட்டு... கிளம்பலாமாம்.