ஒரு காலுச் செருப்பு

இல்ல மருமகனே, கோவமெல்லாம் ஒண்ணுமில்ல. ஒக்காரு. நீ எதுக்கு லேபு மேல பாயுற? அவுக மெசின்ல வச்சுப் பாத்தாக, பாத்ததச் சொன்னாக. நம்ம ஏலக்கா எண்ணெயில பாக்டரி எசன்சு கலந்திருக்குன்னு கொச்சிக் கம்பெனிக்காரன் டின்னு பூராத்தையும் லாரியில திருப்பி ஏத்தி விட்டுட்டான். கம்பம் பூராச் சிரிக்குது. இந்த அம்சத் பீவி டின்னுன்னா மூடியத் தொறக்காமலே வாங்குவாக ஒரு காலத்துல. கலந்த களவாணிய விட்டுப்புட்டு லேபத் திட்டுனா ஆச்சா?

மெசின் தப்பாச் சொல்லும்னுதான் நானும் நெனச்சேன். போனப் போட்டு அந்த லேபுப் பொண்ணுகிட்டயே கேட்டேன். ஏம்மா, வாசம் ஒண்ணு, நெறம் ஒண்ணு, எடை ஒண்ணு, நீ எப்டிக் கண்டுபிடிச்சன்னு. ஒங்க செருப்பப் பாருங்கம்மான்னுச்சு. வலதும் இடதும் ஒரே தோலு, ஒரே அளவு, ஒரே எடை. மாத்திப் போட்டு நடக்க முடியுமா? எண்ணெயில இருக்குற கண்ணுக்குத் தெரியாத துணுக்கும் அப்டித்தானாம். ஏலச்செடி செஞ்சா முக்காலே மூணுவீசம் ஒரே காலுச் செருப்பாத்தான் செய்யும். பாக்டரிக்காரன் செஞ்சா வலதும் இடதும் சரிக்குச் சரி விழும். தராசுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. அதுக்குன்னு தனியா ஒரு மெசின் இருக்காம், அதுல விட்டா வேற வேறயாப் பிரிஞ்சு வந்துருமாம்.

சிரிப்பா வருதா? சிரி. செடிக்கு மட்டுமில்லையாம், இன்னுங் கேளு. நம்ம ரத்தத்துலயும் சதையிலயும் அப்டி ஒரே பக்கந்தானாம். உசுரு இருக்கமட்டும் அப்டியே நிக்குமாம். செத்து, எலும்பு மண்ணுக்குள்ள கெடந்து கெடந்து, அப்பறந்தான் மெல்ல மறுபக்கமும் கலக்குமாம். உசுரோட இருக்கையிலயே ரெண்டு பக்கமும் கலந்து திரியிறது மனுசப் பய மட்டுந்தான் போல.

யாரு, மொக்கைச்சாமியா? நல்லாச் சொன்ன போ. அவன் எண்ணெ வடிக்கிற கொப்பரைக்கு அடுப்பெரிக்கிறவன். எண்ணெ ரூமுச் சாவி அவன் கையில என்னைக்கு இருந்துச்சு? ஒங்க மாமா மௌத்தானதுல இருந்து அது ஒங்கையிலதான இருக்கு. அண்ணன் மகனாச்சே, வர்ற மாசம் நிக்காஹ் முடிஞ்சா எம் மகளுக்குப் புருசனாச்சேன்னு நாந்தான குடுத்தேன். ஒடைஞ்ச காயா இருந்தாலும் நம்ம கொப்பரையில காய்தான் வேகணும்னு சொல்லிட்டுப் போனாக அந்த மனுசன்.

களவாணிப் பயலுக்கு மூளையாவது இருக்கணும்ல? அதுவும் இல்ல. எண்ணெ வடிச்ச சக்கைய எங்கன கொட்டுறோம்? கொல்லையில. எண்ணெ கூட வந்தா சக்கையும் கூடக் குமியணுமா இல்லியா? இங்கன டின்னு ஏறிக்கிட்டே போகுது, அங்கன சக்கைக் குமி எறங்கிக்கிட்டே போகுது. கேப்பையில நெய் வடியுதுன்னா கேக்குறவளுக்கு மதி வேணாமா? மதுரைக்குப் போயி எசன்சு வாங்கத் தெரிஞ்ச பயலுக்கு நாலு கூடைச் சக்கைய எங்கயாச்சும் வாங்கிக் கொட்டத் தெரியல. தூ, களவுலயும் சோம்பேறித்தனம்.

நான் பாக்கல. நான் எங்க கொல்லைக்குப் போறேன், முட்டி வலியோட? துணி காயப்போடப் போனவ பாத்துருக்கா. ஆமா, எம் மக சமீனாதான்.

கம்பெனிக்காரனுக்குச் சந்தேகம் வந்துதான் லேபுக்குக் குடுத்தான்னா நெனச்சுக்கிட்டு இருக்க? அவன் மோந்து பாத்துட்டு அடிபொளி, பிரமாதம்னான். புதுசா வடிச்ச டின்னுல இருந்து ஒரு சீசாவுல ஊத்தி, இந்த எண்ணெய நல்லாச் சோதிச்சுப் பாருங்கன்னு கொச்சிக்கு அனுப்புனதே அவதான். எங்கிட்டக்கூடக் கேக்கல. ஏண்டி, நம்ம பொழப்பத் தொலைச்சியேன்னு கத்துனேன். பொழப்பு போனா வேற பொழப்பும்மா, நிக்காஹ் முடிஞ்சப்பறம் தெரிஞ்சா நான் எங்க போறதுன்னா.

டீயக் குடி, ஆறிப்போகுது. எப்பவும் அவதான கொண்டாருவா, இன்னைக்கு மாமி கொண்டாந்தாளேன்னு இப்பத்தான் ஒறைக்குதா? அந்தத் தட்டுல, பிஸ்கட்டுக்குப் பக்கத்துல கெடக்கு பாரு, நிச்சயத்துக்கு நீ போட்ட மோதிரம். அத எடுத்துக்கிட்டு, அது இருந்த எடத்துல சாவிய வச்சுட்டுப் போ.